கோட்டோரத்தில் ஒரு சம்பந்தம்

வாலிபால் ஆட்டத்தில் கோட்டு நடுவராக நிற்பவனுக்கு முதல் பாடம், பந்தைப் பார்க்கக் கூடாது என்பது. பந்தின் அழகை ரசிக்க ஊரே கூடி நிற்கிறது. அடி விழுந்ததும் நம் கண் கோட்டுக்குப் போய்விட வேண்டும். பந்து தானாக அங்கே வந்து சேரும். இரண்டாவது பாடம், கொடியைச் சட்டென்று காட்டுவது. கீழே என்றால் உள்ளே, மேலே என்றால் வெளியே. யோசித்துக் காட்டுகிற கொடியை நாய்கூட நம்பாது. மூன்றாவது பாடமும் ஒன்று உண்டு. கண்ணுக்குப் படாமல் போனால் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்து, தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளலாம். இந்த மூன்றாவதை நான் வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரப்பர் தோட்டத்து டீமோடு ஆட வந்தது தெரணியகலைப் பக்கத்து டீம். அதில் அடித்து ஆடுகிறவரைத்தான் என் தங்கைக்குப் பேசியிருந்தோம். வேன் வாடகை விற்கிற விலையில் இரண்டு பயணம் எதற்கு என்று, ஆட்டத்தையும் பெண் பார்ப்பதையும் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள் மாப்பிள்ளை வீட்டார். டீம் வந்த வேனின் முன்சீட்டில் இருந்து மாப்பிள்ளையின் அம்மா பழத்தட்டோடு இறங்கினார்.

என் தங்கை ருவான்வெல்லையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். முன்பு வந்த சம்பந்தங்களைப் படத்தைப் பார்த்ததுமே தள்ளியவள், இந்தப் படத்தை மட்டும் என் போனிலிருந்து தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். அவளுக்குப் பிடித்த ஒன்று என் கையால் கெட்டுவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளூர உதறல்தான்.

அம்மாவின் உதறல் ஊருக்கே கேட்டது. "தம்பி, நீ அந்தக் குறுக்குக் கையவே போட்டுக்கிட்டு நில்லு. கல்யாணம் முடியட்டும், பொறகு ஒனக்குக் கண்ணு தெரியட்டும்."

"எல்லாப் பந்துக்கும் அப்பிடிப் போட ஏலாதும்மா. வெளிய போகச் சொல்லிருவாங்க."

"சொல்லட்டுமே. சம்பளமா குடுக்கிறாங்க?"

முதல் நாள் மழை சுண்ணாம்புக் கோட்டைக் கழுவிக்கொண்டு போயிருந்ததால், ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்து மைதானத்தில் கயிற்றை இழுத்து முளை அடித்திருந்தார்கள். நான் மூலையில் கொடியோடு நின்றேன். ஆட்டம் முழுக்க மாப்பிள்ளை அடித்ததெல்லாம் நல்லபடியாக உள்ளேயே விழுந்தது. குலதெய்வத்துக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வந்தது அந்தப் பந்து. உள்ளே என்றால் இரண்டு பக்கமும் சமம், வெளியே என்றால் ஆட்டம் எங்களுக்கு. மாப்பிள்ளை எம்பி அடித்தார். என் கண் கயிற்றில் இருந்தது. பந்து கயிற்றைத் தாண்டி விழுந்தது.

கூட்டத்தில் தங்கையோடு நின்ற அம்மா இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்கே வைத்து எனக்குக் காட்டுவது தெரிந்தது. ஆனால் என் கொடி அதற்குள் மேலே போய்விட்டது. பழகிய கை, என்னைக் கேட்கவில்லை.

நடுவராக வந்திருந்த சிங்கள மாஸ்டர், "ஷுவர்த மல்லி?" என்றார். நிச்சயந்தானா தம்பி என்று கேட்கிறார்.

"ஷுவர், சேர்," என்றேன்.

"அது உள்ளதான்! எம் மகன் அடிச்சா வெளிய போகாது!" என்று வேன் பக்கத்தில் இருந்து மாப்பிள்ளையின் அம்மா சத்தம் போட்டார். பந்து விழுந்த அடையாளத்தைப் பார்க்கிறேன் என்று ஓடி வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அடையாளத்தை மிதித்துத் துவைத்தார்கள். மாப்பிள்ளை இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்தார். எங்கள் பையன்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வீட்டுக்குப் போனாள்.

வேன் ஒன்றுதான் என்பதால் பெண் பார்க்க டீம் முழுக்க வந்தது. ஐந்தாறு பேருக்குச் சுட்ட வடையை அம்மா இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வரிசை வீடுகளான எங்கள் லயத்து முன்வாசலில் எல்லாரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். எனக்கு எங்கே நிற்பதென்றே தெரியவில்லை. தங்கை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைத் தொடவில்லை.

"நீயும் அங்க நின்னு பாத்தியேம்மா. ஒங்க அண்ணன் கொடி தூக்குனாரே, அது உள்ளயா வெளியயா? நீ சொல்லு."

அம்மா அடுப்படி வாசலில் நின்று, உண்மையைச் சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வெளியதாங்க அத்தை. ஒரு சாண் இருக்கும்."

போச்சு என்று நினைத்தேன். அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஒரு சாணெல்லாம் இல்லைங்க. நாலு விரக்கடைதான்."

டீம் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய அம்மா மகனையும் பார்த்தார், பெண்ணையும் பார்த்தார்.

"சின்ன வயசுல இருந்து ஆடுறான். அடிச்சது வெளியன்னு இவன் வாயால ஒத்துக்கிட்டு நான் கேட்டதே இல்ல," என்றவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எங்கள் அம்மாவைக் கூப்பிட்டார். "வாங்க, உக்காருங்க. நாள் பாப்போம்."