கிளிப்புக்கு மேல் ஒரு மஞ்சள் முடிச்சு

போன வெள்ளிக்கிழமை, கீரனூர் நெருங்கும்போது என் கார் பெருமூச்சு விட்டது.

மிகைப்படுத்தவில்லை. 'புஸ்ஸ்ஸ்...' என்று நீளமாக ஒரு சத்தம். அதன் பிறகு ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டிக்கு இழுவையே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கரும்புகை. திருச்சி பஸ் ஒன்று ஹாரனாலேயே திட்டிவிட்டு எங்களை முந்திக்கொண்டு போனது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் காரைத் தெரியும். டர்போ வைத்த டீசல் வண்டி. பன்னிரண்டு வயசு. "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. வண்டிக்கு வயசாவது பெரிய விஷயமில்லை, வைத்திருப்பவருக்குச் சோம்பல் வராமல் இருந்தால் போதும் என்று அவர்களுக்கு வகுப்பெடுத்து அனுப்புவேன்.

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற ஒரு சின்னக் காற்றாடி. அசுர வேகத்தில் சுற்றும். ரொம்ப ரோஷக்காரச் சாமான்! நல்ல ஆயில் கேட்கும், தூசி இல்லாத காற்று கேட்கும், தூரப் பயணம் போய் வந்தால் அணைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஓய்வு கேட்கும். எல்லாம் கேட்டபடி கொடுத்தேன். சர்வீஸைத் தள்ளிப்போட்டதே இல்லை. எங்கள் ஊர்ப் புழுதிக்கு ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றிவிடுவேன்.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "நல்லா ஓடுற வண்டியை எதுக்கு நோண்டிக்கிட்டே இருக்கே?" என்பார். அவருடைய பராமரிப்பே தனி. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் திருஷ்டிக் கயிறு, அமாவாசைக்குப் பூசணிக்காய். அந்த சர்வீஸும் தேதி தவறாது.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர் சாகுல். கட்டுமாவடிக்காரர். வளைகுடாவில் வேலை. விடுமுறை முடிந்து, மறுநாள் அங்கே டூட்டியில் நிற்க வேண்டும். அன்றைக்கென்று பெரிய முகூர்த்தம். திருச்சி விமான நிலையத்துக்குப் பேசி வைத்திருந்த வாடகைக் கார்க்காரர் கடைசி நேரத்தில் கல்யாண வீட்டுப் பக்கம் போய்விட்டார். வேறு வண்டி? ஊரில் இருந்த அத்தனை காரும் பூமாலையோடு மண்டப வாசலில்.

"என் வண்டி இருக்கும்போது என்ன கவலை தம்பி? ஏறுங்க!" என்று சொல்லி, என் கணவரையும் துணைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்தப் பெருமைக்குத்தான் கீரனூரில் பதில் கிடைத்தது.

எப்படியோ உருட்டிக்கொண்டு போய் ரோட்டோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் நிறுத்தினேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். குனிந்தார். சிரித்தார்.

"டர்போ ஹோஸ் கழண்டுருச்சுக்கா. காத்தெல்லாம் வெளிய போகுது. டர்போவுக்கு ஒண்ணுமில்ல. ஹோஸை மாட்டி கிளிப்பை டைட் வெச்சா போதும், கெளம்பிரலாம்."

எனக்கு உயிர் வந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரோடு மறுபடி குனிந்தார். உடனே நிமிர்ந்தார். சிரிப்பைக் காணோம்.

"அக்கா... இதுல காணிக்கை முடிச்சு இருக்கு."

எட்டிப் பார்த்தேன். ஹோஸின் முனையில், சரியாக அந்தக் கிளிப்பின் மேல், மஞ்சள் துணி ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே காசு.

அந்தத் துணியை நான் பார்க்காமல் இல்லை. ஆயில் பார்க்கப் பானெட் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். நான் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜைக்குக் கட்டியது என்று நினைத்திருந்தேன். அங்கேயே நின்று அவர்களுக்குப் போன் போட்டேன்.

"நீங்க முடிஞ்சதுன்னுல நெனச்சோம்!" என்றார் அந்த முதலாளி. "சாமி காரியம்னு அந்தக் கிளிப்பை மட்டும் தொடலைங்க. மத்ததெல்லாம் ஒவ்வொரு தடவையும் டைட் வெச்சிருக்கோம்."

அதாவது, வண்டியிலேயே மரியாதை அதிகம் கிடைத்த கிளிப் அதுதான். ஒருத்தரும் கை வைக்கவில்லை. அது தன் பாட்டுக்குத் தளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

நான் கட்டவில்லை. ஒர்க்‌ஷாப்பும் கட்டவில்லை. அப்படியென்றால்..?

என் கணவர் மும்முரமாக ஒரு புளியமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என்னங்க!"

"போன வருஷம் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துச்சுல்ல... அப்ப முடிஞ்சேன். வண்டி வழியில நிக்காம ஓடினா அய்யனாருக்கு மண்குதிரை எடுத்து வெக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்."

விசில் வந்தது கிளிப் தளர்ந்ததால். கிளிப்பை முடுக்க வேண்டிய இடத்தில் இவர் காசை முடிந்திருக்கிறார்! நான் கையை நீட்டினேன். "தொடக் கூடாது!" என்று மூன்று ஆண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். மூன்றாவது குரல் சாகுலுடையது.

"நீங்களுமா தம்பி?"

"நேர்த்திக்கடன்க்கா. நாம அவுத்து ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா அண்ணன் மொகத்துல எப்படி முழிக்கிறது?"

மெக்கானிக் இன்னும் கறார். "முடிஞ்சவுகதான் அவுக்கணும். வேற யாரு அவுத்தாலும் நான் இந்த வண்டியில கை வெக்க மாட்டேன். நானும் புள்ளகுட்டிக்காரன்."

முடிந்தவரோ, கடன் தீராமல் அவிழ்க்கக் கூடாது என்கிறார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வழியில் நிற்காமல் ஓடினால்தானே குதிரை? நின்றுவிட்டதே! வேண்டுதலே ரத்தாகிவிட்டது, அவிழுங்கள் என்றேன். நல்ல வாதம்தானே? அவர் முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது. அப்போது மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"எங்கக்கா நின்னுச்சு? இங்க வரைக்கும் உருண்டுதானே வந்துச்சு?"

என் கணவர் அவரை நன்றியோடு பார்த்தார். அந்த ஆளை அங்கேயே கடித்துக் குதறியிருப்பேன்.

ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. முகூர்த்தக் கூட்டம், படிக்கட்டு வரை ஆள். இரண்டு பெட்டியோடு சாகுல் கை காட்டிப் பார்த்தார். ஒன்றுகூட நிற்கவில்லை. பாஸ்போர்ட் இருந்த சட்டைப் பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி திரும்பி வந்தார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"அண்ணே, நாளைக்கு நான் அங்கிட்டு நிக்கலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. மொத தடவை என்னைய அனுப்பறதுக்கு எங்க வாப்பா மீன்பிடி போட்டை வித்தாங்க. இப்ப கடலுக்குத் திரும்பிப் போறதுக்கும் எங்ககிட்ட போட்டு இல்லண்ணே."

என் கணவர் செருப்பைக் கழற்றினார். வண்டியின் முன்னால் போய்க் கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்தார். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிப்போயிருந்தது, நகம் வலிக்கப் பிரித்தார். நிஜமாகவே பயந்திருந்தார். பயந்துகொண்டேதான் செய்தார். அந்த நிமிஷம் எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. யாரும் போய் அவரிடம் சொல்லி வைக்காதீர்கள்.

காசைத் துணியோடு சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். மெக்கானிக் ஹோஸை மாட்டி, கிளிப்பை முடுக்கி, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். வண்டி பழைய இழுவையோடு பாய்ந்தது. விமான நிலைய வாசலில் சாகுல் இறங்கியதும், சலாம் சொல்லக்கூட நேரமில்லாமல் பெட்டிகளோடு ஓடினார். அவர் உள்ளே போன பிறகும் நாங்கள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றோம், திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயத்தில். அவர் வரவில்லை.

நாம் ஒரு பொருளைக் கும்பிட ஆரம்பித்துவிட்டால் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறோம் என்று தோன்றுகிறது. காரில் மட்டுமா? வீட்டில் நாம் ரொம்ப மரியாதை வைத்திருக்கிற பெரியவர்களிடம் "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கடைசியாக எப்போது கேட்டோம்? சந்தனம் வைத்தாயிற்று, மாலை போட்டாயிற்று, வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம்.

மறுநாள் மாலை சாகுல் அழைத்தார். "டூட்டியில சேந்துட்டேன்க்கா. அண்ணன் குதிரையை மறந்துறாம பாத்துக்கங்க!"

அடுத்து மாடியில் அவர் மனைவி போனில் அழுவதும் சிரிப்பதுமாகப் பேசுவது எங்களுக்குக் கேட்டது. என் கணவர் மார்பை நிமிர்த்திக்கொண்டார். "ஆள் போய்ச் சேந்துட்டாருல்ல? வேண்டுதல் பலிச்சிருச்சு!" கையோடு குதிரைக்கு ஆர்டரும் கொடுத்துவிட்டார்.

நான் தடுக்கவில்லை. ஆயில் மாற்ற வேண்டாத வாகனம் ஒன்றாவது அவர் பொறுப்பில் இருந்துவிட்டுப் போகட்டுமே!