இந்த வருஷம் எவ்வளவு தூரம்

பரமத்தி சாலையில் நாமக்கல்லைப் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். திரும்பினால் கல்லூரியின் வாசல் வளைவு இன்னும் தெரிந்தது. என் தோளில் இரண்டு பைகள். ஒன்று என்னுடையது, மற்றது எங்கள் கோல்கீப்பருடையது. அவன் கொஞ்ச தூரம் நடப்பான், புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான், மறுபடி நடப்பான்.

"பஸ்ஸுக்கு நிக்கலாமா?"

"வேண்டாங்ண்ணா. பஸ்ஸுல ஏறுனா வாந்தி வந்துரும்."

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். போன இடத்தில் கிடைத்த வேலையைச் செய்வேன். அந்தக் கல்லூரியில் கால்பந்து மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் பந்துக்குக் காற்றடிப்பதும் என் வேலை. ஆட்டக்காரர்களின் விடுதியை ஒட்டிய சாமான் அறையில் படுத்துக்கொள்வேன். கோல்கீப்பர் எடப்பாடிப் பையன். அப்பாவும் அம்மாவும் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். கோலில் நிற்கும்வரை அவனுக்குக் கட்டணம் கிடையாது. நிற்காவிட்டால் படிப்பு அன்றோடு சரி.

மண்டலப் போட்டிகள் தொடங்குவதற்கு முன் ஒரு காலை, கல்லூரி சேர்மன் மைதானத்துக்கு வந்து, இந்த வருஷம் எவ்வளவு தூரம் போவோம் என்று கோச்சைக் கேட்பது வழக்கம். கோச் சேலத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மற்றக் கல்லூரிகளின் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று அவர்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டு வருவார். நாங்கள் கிளம்பிய அன்று காலையும் விவரமாகச் சொன்னார்.

"ஈரோட்டுல கேரளாப் பசங்க ரெண்டு பேரை இறக்கியிருக்காங்க சார். ஆனா பேக் ஆளுங்களுக்குக் காலே திரும்ப மாட்டேங்குது. சேலத்து கேப்டன் படிப்பு முடிச்சுப் போயிட்டான். ராசிபுரத்துக்காரங்க பாதிக் கிரவுண்டுல காலேஜ் பஸ் நிக்குது, பிராக்டீஸே இல்ல. நமக்கு செமி ஃபைனல் உறுதி."

சேர்மன் கோழிப்பண்ணைக்காரர். அந்தக் கல்லூரியே முட்டையில் எழும்பியது. ஒருமுறை தட்டுமுட்டுச் சாமான் இறக்க அவர் பண்ணைக்குப் போயிருக்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூண்டு வரிசையில் நடப்பார். ஒரு கோழியின் கொண்டையைப் பார்த்துவிட்டு அந்த ஷெட் இந்த மாதம் எப்படி என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாது.

கோச் பேசிக்கொண்டிருக்கும்போதே சேர்மன் எழுந்து, பையன்கள் நின்ற வரிசையில் அதே நடையில் நடந்தார். கோல்கீப்பர் முன்னால் நின்றார்.

"ஏஞ்சாமி, தீனி எடுக்கறயா?"

பையன்கள் சிரித்தார்கள். "எங்க தீனியையும் சேத்து எடுப்பானுங்க" என்றான் ஒருவன்.

சேர்மன் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் அவன் கீழ் இமையை இழுத்தார். உள்ளே மஞ்சள் அரைத்த அம்மி மாதிரி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்லாத்தானுங்க இருக்கேன்" என்றான் அவன்.

"ரெண்டு நாள்ல சரியாயிடும் சார்" என்றார் கோச்.

"ஈரோட்டுக்காரன் காலெல்லாம் பாத்துட்டு வந்தீங்க மாஸ்டர். உங்க பையன் கண்ணப் பாக்கலீங்களே."

பிறகு குழாயடிக்குப் போய் முழங்கை வரை கை கழுவினார். கழுவிக்கொண்டே பேசினார். "முன்ன ஒருக்கா ஒரு கோழி இப்பிடித்தானுங்க தலையத் தொங்கப்போட்டுச்சு. போகுதுன்னு உட்டேன். ஷெட்டே போச்சு. மொத்த டீமையும் கெளப்புங்க. ரூமுக்கெல்லாம் மருந்தடிக்கோணும். இந்த வருஷம் பந்து வேண்டாம்."

"சார், இவங்க பசங்க சார்."

"அதனாலதானுங்க ஊட்டுக்கு அனுப்பறேன்."

மதியத்துக்குள் விடுதி காலியானது. பண்ணை ஆட்கள் முதுகில் மருந்து டப்பாவோடு வந்தார்கள். பையன்கள் போகும்போது அவனுக்குத் தூரத்திலிருந்தே கையை அசைத்தார்கள். கோச் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து அறையில் படுத்தவன் என்று என்னையும் போகச் சொன்னார்கள். அவன் பையைத் தொட ஆளில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

"செமி ஃபைனல்னு சொன்னாருங்கல்ல?" என்றான் வழியில். "வேற காலேஜுல எடுத்துக்குவாங்களாண்ணா?"

"மொதல்ல ஆஸ்பத்திரி."

"மொத மேட்சுக்குள்ள எந்திரிச்சுருவனா? நீங்களே சொல்லுங்க."

"நான் கோடு போடறவன்டா."

ஒரு பாலத்துக்குக் கீழே ஒன்றுக்கு ஒதுங்கிவிட்டு வந்தான். அவன் நின்ற இடத்தில் மண் டீ டிக்காஷன் நிறத்தில் நனைந்திருந்தது. அதற்குமேல் அவனை நடக்கவிடவில்லை. காலி முட்டை அட்டை ஏற்றிப்போன டெம்போவைக் கைகாட்டி நிறுத்தினேன். கோழி வாடையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு என் மேல் சாய்ந்திருந்தான். உடம்பு அனலாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. விடிந்ததும் அவன் அம்மா வந்தார், தலையில் பஞ்சுத் தூசியோடு. டாக்டர் ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, ஈரல் கெட்டிருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். அந்த அம்மா டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாமி, நீங்க கூடவே இருந்தவங்க. கோல்ல நின்னுருவானுங்களா?"

கஞ்சி வாங்கிவருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே இட்லிக் கடை. பாத்திரம் கழுவுகிறவர் வரவில்லை என்று கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். நான் கழுவுகிறேன், கூலியோடு ஒருவேளைக் கஞ்சி வார்டுக்கு வேண்டும் என்றேன்.

"எத்தன நாளைக்கு இருப்பே?"

"தெரியாதுங்க."

"இப்பிடிச் சொல்றவன் மத்தியானமே ஓடிப்போயிருவான்" என்றார். சாம்பார் குண்டானை என் பக்கம் காலால் தள்ளினார். அடிப்பிடித்திருந்தது. தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.