நோன்பு திறந்ததும் என் சாஸுக்கு உப்புப் பார்த்தவர்

2002 கார்த்திகை மாதம். துபாயில் ஒரு ஓட்டல் கிச்சனில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த நேரம். யூனிஃபார்முக்குள் மாலை, காலில் வேறு வழியில்லாமல் ஷூ. மீனைத் தொட்டுச் சமைக்கலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்திருந்தேன். பிழைப்பு அப்படி.

எங்கள் செஃப் இத்தாலியின் சிசிலித் தீவுக்காரர். அன்றைக்கு இருபது விருந்தினர்களுக்கு அவர் ஊர் முறையில் சுட்ட மத்தியும், அந்தத் தீவின் வெள்ளை ஒயினும். ரமலான் என்பதால் விருந்து பொழுது சாய்ந்த பிறகுதான். மத்தியின் எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பான ஒயின்தான் முறிக்கும் என்றார். நம் மத்திக் குழம்பில் புளி பார்க்கும் வேலை என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதைச் சொன்னேன். அந்தக் குஷியிலோ என்னவோ, மீன்மேல் ஊற்றும் சாஸை முதல்முறையாக என்னிடம் விட்டார். தேறினால் குக் வேலை. இல்லையென்றால் மறுபடி வெங்காயம்.

செஃபுக்குக் கடும் ஜலதோஷம், நாக்கில் ருசியே இல்லை. மற்றவர்கள் இஃப்தார் வேலையில் பறந்துகொண்டிருந்தார்கள். இருந்தும் யாரையாவது கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லியிருக்கலாம். நான்தான் மிதப்பில் இருந்தேன். எங்கள் வீட்டில் படையலுக்குச் சமைக்கும்போது யாரும் உப்புப் பார்ப்பதில்லை, என்றைக்காவது கெட்டிருக்கிறதா? அதே கை அளவில் அள்ளிப் போட்டேன். சாஸில் சேர்த்த நெத்திலி ஏற்கெனவே உப்பில் ஊறியது என்பது புத்தியில் உறைக்கவில்லை.

பக்கத்து அடுப்பில் நோன்பிருந்த பெஷாவர்க்காரர் ஒருவர். பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர். நான் ருசி பார்க்காததைக் கவனித்திருப்பார் போல, சமோசாத் தட்டைத் தொடாமல் நேராக என் சட்டியிடம் வந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். முகம் கோணியது.

"சாமி, நமக் பஹுத் ஜியாதா ஹை."

உப்புக் கரிக்கிறதாம். "இப்ப என்ன பாய் பண்றது?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். சாஸில் பாதியைக் கொட்டினார். நான் தக்காளி நறுக்க, அவர் ஆரஞ்சு பிழிந்தார். உப்பில்லாமல் வதக்கிய வெங்காயமும் கொஞ்சம் உலர்திராட்சையும் சேர்த்தோம். மூன்று முறை அவரே ருசி பார்த்து, கடைசியில் "கலாஸ், சாமி" என்றார், முடிந்தது என்று. சமோசா ஆறிப்போயிருந்தது.

விருந்தினர்கள் தட்டை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார்கள். ஒயின் பாட்டில்கள் காலியாகத் திரும்பின. செஃப் மூக்கை உறிஞ்சியபடி, நாளையிலிருந்து சாஸ் என் டூட்டி என்றார். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பெஷாவர்க்காரர் கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

பகல் முழுக்கப் பட்டினி கிடந்த மனிதர், தன் பசியை நிறுத்திவைத்து என் பிழைப்பைப் பார்த்தார். இன்றும் என் கைப்பக்குவத்தை யாராவது புகழ்ந்தால், அது அவர் நாக்கு போட்ட பிச்சை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.