ஒன்று கூட்டிப் போடவும்

நூலகத்தில் அவளுக்குப் புத்தக முதுகில் லேபிள் ஒட்டும் வேலை. பன்னிரண்டு வருடம் ஒட்டியதில் சொந்தப் பெயர் உதிர்ந்துபோய் லேபிளக்கா என்பதே நிலைத்துவிட்டது. லேபிள் அச்சடிக்க ஓர் இலவச மென்பொருள் இருந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம் என்கிற ரகம். அதற்கு ஒரே ஒரு குணக்கேடு. பத்து கேட்டால் ஒன்பதுதான் கொடுக்கும்.

ஆறு வருடமாக அதை யாரும் கோளாறாகவே நினைக்கவில்லை. பதினொன்று என்று போட்டால் பத்து வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன? தலைமை நூலகர் "தேவைக்கு மேல் ஒன்று கூட்டிப் போடவும்" என்று சுற்றறிக்கையே எழுதி, கையெழுத்திட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சுவரில் மாட்டிவிட்டார். "ஏன்க்கா ஒன்னு கூட்டணும்?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டபோது லேபிளக்காவுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தக் காகிதத்தைச் சுவரிலிருந்து இறக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

நான்கு மாதம் இணையத்தில் பாடம் பார்த்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் தம்பி சிரித்தான். "ஒனக்கு எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிரலைத் திறந்து வரி வரியாகத் துழாவிக் கடைசியில் பிடித்துவிட்டாள். சனியன், ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிக் கேட்ட எண்ணைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அங்கே இருந்த 'விடக் குறைவு' குறியோடு ஒரு சமக்குறி சேர்த்தால் தீர்ந்தது.

சேர்த்து அனுப்பினாள். எங்கோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு அதைப் பராமரிப்பவர் விளக்கம் கேட்டார். பிறகு திருத்தம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை நிரல் எழுதச் சொன்னார். பிறகு அந்தச் சோதனைக்கு வேறு பெயர் வைக்கச் சொன்னார். ஒரு சமக்குறிக்கு நாற்பத்தொரு கடிதங்கள்! கல்யாணப் பேச்சுகூட இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனாலும் ஏற்றுக்கொண்டார். பங்களித்தோர் பட்டியலில் தன் பெயரைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. லேபிளக்கா இல்லை, அவளுடைய சொந்தப் பெயர்.

அடுத்த மாதம் புதிய பதிப்பு நூலகத்துக்கு வந்தது. பழக்க தோஷத்தில் எல்லோரும் ஒன்று கூட்டியே போட்டார்கள். சாயங்காலத்துக்குள் குப்பைக்கூடை லேபிளால் நிரம்பிவிட்டது.

தலைமை நூலகர் கொதித்துப்போனார். "எவனோ கைய வச்சுக் கெடுத்துட்டான்மா. பழையபடி ஆக்கச் சொல்லி நீங்களே அவங்களுக்கு எழுதுங்க."

"சார், இப்பத்தான் சரியா வருது. அந்த நோட்டீஸ எடுத்துட்டாப் போதும்."

"அது நான் கையெழுத்துப் போட்டதும்மா. எட்டுக் கிளைக்கும் போயிருக்கு."

கைவைத்த ஆள் எதிரில்தான் நிற்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். தன் திருத்தத்தைப் பற்றித் தானே புகார் எழுதினாள்.

பராமரிப்பவர் பதில் போட்டார். திருத்தத்தை எடுக்க முடியாது, ஆனால் வேறு மூன்று நூலகங்களும் இதையேதான் கேட்கின்றன. வேண்டியவர்களுக்கு மட்டும் ஒன்று குறைத்து அச்சடிக்க ஒரு வசதி வைக்கலாம். "இந்த இடம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நீங்களே எழுதித் தருகிறீர்களா?"

எழுதித் தந்தாள். பிழையை நீக்க ஒரு குறி போதுமானதாக இருந்தது. அதையே திரும்பக் கொண்டுவர அறுபது வரி பிடித்தது. தம்பி வாசித்துவிட்டு முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினான். "அக்கா, இதுதான் அசல் வேலை!"

நூலகத்துக் கணினிகளில் எல்லாம் அவளே அந்த வசதியை இயக்கிவைத்தாள். பதினொன்று போட்டதும் பத்து வந்தது.

"பாத்தீங்களா? கேக்குற விதத்துல கேட்டா செஞ்சு குடுக்குறாங்க" என்றார் தலைமை நூலகர்.

"ஆமா சார். தங்கமானவங்க."

காகிதம் சுவரிலேயே இருந்தது. லேபிளக்கா அதற்குக் கீழே தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அங்கிருந்த ஒரு கணினியில் மட்டும் அவள் அந்த வசதியை இயக்கியிருக்கவில்லை. பத்து என்று அடித்தாள். வந்ததை எண்ணிப் பார்த்தாள். பத்து இருந்தது.