முப்பத்தெட்டு என்றால் காய்ச்சல்

கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி. வலிக்கவில்லை, அதனால் நாளைக் கடத்தினேன். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். வெயில்காலம்தானே என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்த பிறகு லிம்போமா (நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய்) என்றார்கள்.

இதே வழியில் இப்போது நடந்துகொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தைரியம் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு இன்றும் பயம்தான்.

கீமோ (புற்றுநோய் செல்களை அழிக்க ஏற்றும் மருந்து) தொடங்கும் முன் டாக்டர் முடி கொட்டுவதைப் பற்றி அதிகம் பேசவில்லை. காய்ச்சலைப் பற்றித்தான் பேசினார்.

"மருந்து ஏத்தின பிறகு வெள்ளை அணுக்கள் அடியோட இறங்கிடும்மா. அப்போ கிருமி உள்ள வந்தா தடுக்க ஆளே இல்ல. முப்பத்தெட்டு காட்டினா மாத்திரை போட்டுட்டுப் படுத்துக்காதீங்க. நேரா இங்க வாங்க. காலைல பாத்துக்கலாம்னு இருந்தவங்க சில பேரை எங்களால காப்பாத்த முடியல."

"முப்பத்தெட்டா?" என்றேன். நான் பிறந்த திண்டுக்கல்லிலும் சரி, வாழ்க்கைப்பட்ட அம்பத்தூரிலும் சரி, காய்ச்சல் என்றால் நூறு. நூற்றொன்று என்றால் ரசம் சாதம், நூற்றிரண்டு என்றால் லீவு, நூற்று மூன்று என்றால் ஊரிலிருந்து அம்மா பஸ் ஏறிவிடுவார். பேப்பரில்கூட வெயில் சதமடித்தால்தான் செய்தி.

"ஃபாரன்ஹீட்ல நூறு புள்ளி நாலு. எதுல வேணா பாருங்க, ஆனா பாருங்க" என்றார் டாக்டர்.

என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கும் கம்பெனியில் உலையைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு உலகமே செல்சியஸ்.

"எண்ணூத்தம்பது டிகிரி உலைக்கே அதான் கணக்கு. ஒன் ஒடம்புக்கு மட்டும் இன்னாத்துக்கு வெள்ளக்காரன் கணக்கு?"

"செல்சியஸ் மட்டும் ஆவடியிலயா பொறந்தாரு?" என்றேன்.

ஃபாரன்ஹீட்டில் ஒவ்வொரு படியும் சின்னது, ஏறுவது கண்ணுக்குத் தெரியும் என்பது என் கட்சி. டாக்டர் சொன்ன எண்ணே மிஷினிலும் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. அவர்தான் ஜெயித்தார். புது டிஜிட்டல் தர்மாமீட்டரின் பொத்தானை அழுத்தி செல்சியஸுக்கு மாற்றினார். அவ்வளவு பயத்துக்கு நடுவில் சண்டை போட ஏதோ ஒன்று கிடைத்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் வேலைக்குப் போனபின் என்னைப் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார் செல்வி. தர்மாமீட்டரை மாற்றியதையும், அதில் முப்பத்தெட்டு என்றால் காய்ச்சல் என்பதையும் அவளிடம் சொல்ல எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இரண்டாவது கீமோ முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கத்திரி வெயில் மதியத்தில் எனக்குக் குளிர் எடுத்தது. பற்கள் தந்தியடித்தன. செல்வி ஓடிவந்து அக்குளில் தர்மாமீட்டரை வைத்தாள்.

"முப்பத்தெட்டு புள்ளி ஆறுதான் அண்ணி. நூறுக்கு எவ்ளோ தூரம் கீது பாரு." நெற்றியில் கை வைத்தவள் யோசித்தாள். "கைக்கு சுடுது. வெயில் சூடுபோல. உள்ள ஒடம்பு ஜில்லுனு போயிகினு கீது, அதான் நடுங்குற."

கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தினாள். கஞ்சியை ஆற்றிப் புகட்டினாள். முப்பத்தெட்டு என்பது என் காதிலும் விழுந்தது. எங்கோ கேட்ட எண் என்று மட்டும் தோன்றியது. அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் கணவர் போன் செய்தார். அவர்கள் பேசியதைச் செல்வி பிறகு சொன்னாள்.

"இன்னாம்மா, எவ்ளோ காட்டுது?"

"காய்ச்சல் இல்லண்ணா. முப்பத்தெட்டே புள்ளி ஆறுதான்."

கம்பெனி இரைச்சலுக்கு மேலாக அவர் கத்தினாராம். "கம்பளிய எடு. ஆட்டோவ கூப்ட்டு அவள ஏத்தினு வா. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன்" என்றிருக்கிறார்.

பாடி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டது. செல்வி என்னை இறுக்கிப் பிடித்திருந்தாள். சாகப்போகிறேன் என்று அப்போதுதான் நம்பினேன். நோயின் பெயரைச் சொன்ன அன்றுகூட அப்படி நம்பவில்லை.

ஃபெப்ரைல் நியூட்ரோபீனியா (வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல்) என்றார்கள். ரத்த அழுத்தம் சரிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். நரம்பு வழியாக ஏற்றிய ஆன்டிபயாடிக் மெல்லக் கேட்டது. சாயங்காலம்வரை விட்டிருந்தால் மருந்து இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்று டாக்டர் கணவரிடம் சொன்னபோது செல்வி பக்கத்தில் நின்றிருந்தாள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு என் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள்.

"அண்ணி, நானே உன்ன கொன்னுட்டு இருப்பேன்ல?"

"குளுருதுன்னு போர்த்திவிட்டே, கஞ்சி குடுத்தே. பெத்தவளும் அதத்தானே செய்வா?" என்றேன்.

செல்சியஸா ஃபாரன்ஹீட்டா, எந்தக் கணக்கு உசத்தி என்று இப்போது நான் யாரிடமும் வாதாடுவதில்லை. எதுவானாலும் வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றாக இருக்கட்டும். உங்களுக்குக் கஞ்சி கொண்டுவருபவருக்கு அதை முதலில் சொல்லுங்கள்.

கீமோ எல்லாம் முடிந்தது. ஸ்கேன் சுத்தம். மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்கிறார் டாக்டர், ஒவ்வொரு முறையும். மகளின் காலேஜ், சொந்த வீடு என்று வருடக்கணக்கில் பேசிய நான், இப்போது அடுத்த ஸ்கேனுக்கு அப்பால் எதையும் பேசுவதில்லை. ஃபேன் காற்று சில்லென்று பட்டாலும் கை தானாகக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

செல்வி தர்மாமீட்டரைத் தொடுவதே இல்லை. ஆனால் மதியம் நான் படுத்திருக்கும்போது சத்தமில்லாமல் மாடியேறி வருகிறாள். குனிந்து என் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறாள். பெரும்பாலும் நான் விழித்துத்தான் இருப்பேன். கண்ணைத் திறந்தால் கூச்சப்படுவாள் என்று திறப்பதில்லை. அவள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே மூச்சு விடுகிறேன்.