தோற்றவளுக்கு நாற்காலி

தொண்ணூறுகளின் கடைசியில் கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கடையேறினால் ஷட்டர் இறங்கும்வரை நின்றுகொண்டேதான் வேலை. நாற்காலிகள் வருகிறவர்களுக்கு மட்டும்.

ஓணத்துக்கு இரண்டு மாதம் முன்பு செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். அவள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. கேட்ட நிறம் கடையில் இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்பாள். வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மலையாளியான முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சேச்சி, ஓணம் வரைக்கும் நோக்கும். சரியாயில்லெங்கில் அவளை ஊருக்கு அனுப்பிக்கோ."

எல்லாப் பெண்களையும் வரிசையாக நிறுத்தி, எப்படிப் பேச வேண்டும் என்று தினமும் சொன்னேன். தலையாட்டினார்கள். கவுண்டருக்குப் போனால் பழைய கதைதான். நான் பத்தாவது வரை படித்தவள், சொல்லிக்கொடுக்கிற வித்தை எனக்கெங்கே தெரியும்? சாமியிடம்தான் முறையிட்டேன்.

பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாடியில் சரக்கு அறையில் ஒரு விளையாட்டு வைத்தேன். ஒருத்தி கஸ்டமர், ஒருத்தி சேலை காட்டுகிறவள். என்ன கேட்டாலும் "இல்லை" என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அவுட், சுவரோரம் நிற்க வேண்டும். ஒரே கும்மாளம். ஆனால் புதியவள் முதல் கேள்வியிலேயே அவுட். தினமும் அப்படித்தான்.

"ஏட்டி, அந்தச் சுவருல உம் பேர எழுதி வைக்கட்டா?" என்று ஒருத்தி கேலி செய்தாள். மறுநாள் தலைவலி என்று சொல்லிப் புதியவள் மாடிக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகள் வாசலில் தொட்டுப் பிடித்து விளையாடினார்கள். பிடிபட்டவனை யாரும் வெளியே அனுப்பவில்லை. அவன்தான் அடுத்துத் துரத்தினான். ஓட்டத்தில் மந்தமான என் சின்னவன்தான் அன்று எல்லாரையும்விட அதிகம் ஓடினான். சாமிக்கு விளக்கேற்றும்போதும் அதே நினைப்பு. யாருக்குப் பழக்கம் அதிகம் வேண்டுமோ, அவளையல்லவா சுவரோரம் நிறுத்தி வைத்திருக்கிறேன்?

திங்களன்று கஸ்டமர் நாற்காலி ஒன்றை மாடிக்கு ஏற்றினேன். இனி தோற்றவள் அதில் உட்கார்ந்து, அடுத்தவளிடம் சேலை கேட்க வேண்டும்.

வழக்கம்போல் முதலில் தோற்ற புதியவள் உட்கார்ந்தாளே, பார்க்கணும்!

"ஏம்மா, இந்தக் கரை எம் மாமியா மூஞ்சி மாதிரி இருக்கு. வேற எடு!"

மாடியே சிரித்தது. எதிரே நின்றவள் திணறிப்போய் "இல்லை" என்றுவிட்டாள். புதியவள் என் பக்கம் திரும்பினாள்.

"எக்கா, அவ 'இல்லை'ன்னு கம்முனு நின்னா எனக்கே எந்திரிச்சுப் போயிரணும்னு தோணுது."

நான் அத்தனை நாள் சொன்னது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. அதன்பின் தோற்பதும் உட்காருவதும் எழுந்து மறுபடி நிற்பதுமாக மெல்லத் தேறினாள்.

ஓணத்துக்கு முந்தின வாரம், முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, ஒரு அம்மா கிளிப்பச்சை கேட்டார். எங்களிடம் கிடையாது. நான் மனசுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

"யாருக்கும்மா, மகளுக்கா?" என்றபடியே புதியவள் ஒரு மஞ்சள் சேலையை விரித்தாள்.

"பச்ச சோதிச்சா மஞ்ஞயோ?" பச்சை கேட்டால் மஞ்சளா என்று அந்த அம்மா முகம் சுளித்தார்.

"கரை பச்சைம்மா. மக நடந்து வந்தா அதுதான் முதல்ல கண்ணுல படும்."

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்.

"ஓணம் கழிஞ்ஞும் அவள் நிக்கட்டே, சேச்சி" என்றார் முதலாளி.

மறுநாள் தேங்காய் உடைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மத்தியானம் மாடியில் அவள் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எக்கா, ஜெயிச்சா நாற்காலியே கிடையாதா? காலு கடுக்கு."

முதலாளி கீழேதான் இருந்தார். இருந்தால் என்ன, அவளை உட்காரச் சொன்னேன்.