ரெண்டு பெடல் கார்

முதல் காரைப் பத்திப் பேசுறவங்க எல்லாம் முகம் மலர்ந்து பேசுவாங்க. எனக்கு அது வராது. என் முதல் கார்தான் என் கடைசி காரும். அதை நான் ஓட்டினது ஒரு மழைக்காலம், ஒரு வெயில் காலம், அடுத்த மழையில பாதி. அவ்வளவுதான். இன்னைக்கும் ஆவடிப் பக்கம் போனா எனக்கு வயித்தெரிச்சல்தான் வருது, பழைய ஞாபகம் இனிக்குதுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு இடது கால் போலியோ. நடக்கப் பழகின வயசுல வந்த காய்ச்சல், காலை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. வலது காலுக்கு ஒரு குறையும் இல்ல. இடது காலுக்குத் தொடை வரைக்கும் இரும்புக் கம்பி வெச்ச ஷூ, கையில ஒரு கட்டை. அப்பா ஆவடியில பாதுகாப்புத் தொழிற்சாலையில வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸ்லதான் வளர்ந்தேன். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில கணக்கு எழுதுற வேலை கிடைச்சுது. தினம் அப்பா ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவார். கழுதை வயசாகியும் ஸ்கூல் பிள்ளை மாதிரி கேட்டுல நின்னு அப்பாவுக்காகக் காத்திருப்பேன்.

தொண்ணூறுகளோட தொடக்கத்துல அப்பா ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு, ஆவடிக்கு வெளியே வெள்ளானூர்ல கட்டின வீட்டுக்குப் போனோம். சொந்த வீடு, சரி. ஆனா பஸ் நிக்கிற இடத்துக்குப் போகவே மண் ரோட்ல ரொம்ப தூரம் நடக்கணும். மழை பெய்ஞ்சா என் ஷூ சேத்துல மாட்டிக்கும், யாராவது வந்து பிடுங்கி எடுக்கணும். அப்பாவுக்கு முதுகு போயிடுச்சு, ஸ்கூட்டரைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். "வேலையை விட்டுடு கண்ணு, உனக்குச் சோறு போட மாட்டோமா"ன்னாங்க அம்மா. பாசமாத்தான் சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வேலை போச்சுன்னா அந்த வீட்டு ஜன்னல் ஓரம்தான் என் வாழ்க்கை, அது எனக்கு நல்லாவே தெரியும்.

பக்கத்துல ரெண்டு சின்னச் சக்கரம் வெச்ச மொபெட்டையும் ஓட்டிப் பார்த்தேன். சி.டி.எச். ரோட்ல லாரிக்கு வழி விடப் போய், பள்ளத்துல இறங்கிக் குப்புறக் கவிழ்ந்தேன். டீக்கடையில இருந்தவங்க ஓடி வந்து தூக்கினாங்க. அடி ஒண்ணும் பெருசா இல்ல. சுத்தி நின்னு "ஐயோ பாவம், ஐயோ பாவம்"னாங்க பாருங்க, அதுதான் தாங்கல. அந்த வார்த்தையைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஒரு நாள் எங்க ஆபீஸுக்கு வந்த விருந்தாளி ஒருத்தரோட வெளிநாட்டுக் கார் வாசல்ல நின்னுச்சு. டிரைவர் கதவைத் திறந்து வெச்சுத் துடைச்சுக்கிட்டு இருந்தார். கீழே ரெண்டே ரெண்டு பெடல். ஏன்னு கேட்டேன். "இதுல க்ளச் கிடையாதும்மா, கீர் தானா விழும். இடது காலுக்கு வேலையே இல்ல"ன்னார். அவர் சாதாரணமாச் சொல்லிட்டுத் துடைக்கிற வேலையைப் பார்த்தார். நான் குனிஞ்சு அந்தப் பெடலை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

அப்போ நம்ம ஊர்ல புதுசா வித்த கார் எல்லாத்துலயும் க்ளச் உண்டு. தானியங்கி கீர் வேணும்னா யாராவது வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த பழைய ஜப்பான் கார்தான் கதி. தம்பி அப்போ டிப்ளமா முடிச்சிட்டு வேலை தேடிக்கிட்டு இருந்தான். ஞாயித்துக்கிழமையானா அவனைக் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல கிளம்பிடுவேன். வானகரத்துல ஒண்ணு பார்த்தோம், வெளியே பளபளன்னு இருந்துச்சு, உள்ளே டீசல் இன்ஜினும் சாதாரண கீரும் மாத்தி வெச்சிருந்தாங்க. அம்பத்தூர்ல ஒண்ணு, சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்திச்சு. கடைசியா பூந்தமல்லியில, சிங்கப்பூர்ல இருந்து ஊரோட வந்துட்ட பெரியவர் ஒருத்தர் வீட்டுல அந்தக் கார் நின்னுச்சு. வெளிறின நீலம். நாலு கதவு, நீட்டு மூக்கு. என்னை விடக் கொஞ்சம்தான் வயசு கம்மி. உள்ளே குனிஞ்சு பார்த்தேன். ரெண்டு பெடல்.

"அக்கா, இதுக்கு ஒரு ஸ்குரூ கூட இங்க கிடைக்காது"ன்னு தம்பி காதுல சொன்னான். அவன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் வாயை மூடிக்கிட்டு வான்னேன். என் சம்பளத்துல, என் பேர்ல வாங்கின கார் அது.

கள்ளிக்குப்பத்துல ஷெட் வெச்சிருந்த மெக்கானிக் ஒருத்தர் வண்டியை ஏத்துக்கிட்டார். வாயைத் திறந்தா மூடத் தெரியாத மனுஷன். வண்டியைச் சுத்தி வந்துட்டு, "இன்னாமா, கப்பலை வாங்கிகினு வந்துகீற"ன்னார். ஆனா வேலைன்னு இறங்கினா ஆசையாச் செய்வார். அந்தக் கார்ல பார்க்கிங் பிரேக் மட்டும் தனியா ஓரத்துல, இடது காலால அழுத்துற மாதிரி இருந்துச்சு. அதைக் கழட்டிட்டு, கையால இழுக்கிற மாதிரி ஒரு இரும்புக் கம்பியை வளைச்சு வெச்சார். கதவுக்கு மேல ஒரு கைப்பிடி போட்டார். அதைப் பிடிச்சு நான் எம்பி உட்காரலாம். என் ஷூ கம்பி டேஷ்போர்டுக்குக் கீழ இடிச்சுது, அந்த பிளாஸ்டிக்கை அறுத்து ரெக்சின் சுத்தி விட்டார். சீட்டுக்கு அடியில பலகை வெச்சு உசத்தினார். வெளியே பெயிண்ட் அடிக்கலாமான்னு கேட்டார், வேண்டாம்னுட்டேன். மத்தவங்க கண்ணுக்கு அது ஒரு பழைய காராத் தெரிஞ்சாப் போதும்.

எஸ்டேட் உள்ள ஞாயித்துக்கிழமை காலியா கிடக்கிற ரோட்லதான் ஓட்டிப் பழகினேன். லைசென்ஸ் எடுக்கப் போன எடத்துல இன்ஸ்பெக்டர் என் ஷூவைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், வண்டியை யாரு ஓட்டப் போறதுன்னு கேட்டார். நான்தான்னேன். பக்கத்துல உட்கார்ந்து வழி முழுக்கக் கதவுப் பிடியை விடவே இல்ல அந்த ஆள். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. இறங்கினதும் கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்.

அப்புறம் நானே ஆபீஸ் போனேன். இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காருக்குள்ள உட்கார்ந்தா இடுப்புக்குக் கீழ யாருக்கும் எதுவும் தெரியாது. அம்பத்தூர் ஓ.டி. கிட்ட நெரிசல்ல நின்னப்போ ஒரு பொம்பளை ஜன்னல்கிட்ட வந்து, கொரட்டூருக்கு எப்படிப் போகணும்னு வழி கேட்டா. காலைப் பத்திக் கேக்கல. சின்ன வயசுல வந்துதா, வைத்தியம் பார்த்தீங்களான்னு கேக்கல. வழி மட்டும் கேட்டா. சொன்னேன், போயிட்டா. அன்னைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல, அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுல மட்டும் யாருக்கும் சந்தோஷம் இல்ல. சாயங்காலம் ஆனா அம்மா கேட்டுக்கு வெளியே வந்து நிப்பாங்க, என் வண்டி திரும்புறது தெரிஞ்சாத்தான் உள்ளே போவாங்க. அப்பா பேப்பரைத் திறந்து வெச்சுக்கிட்டு அதே பக்கத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பார். லாரி, பள்ளம், மழைன்னு தினம் ஒண்ணு சொல்லி அம்மா புலம்புவாங்க. பழகிடும்னு நான் கண்டுக்கல.

ரெண்டாவது மழையில கீர் தகராறு பண்ண ஆரம்பிச்சுது. ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. அப்புறம் திடீர்னு உதைச்சுக்கிட்டு ஓடும். எண்ணெய் கருகின வாடை வேற. ஒரு நாள் திருமுல்லைவாயில் தாண்டினதும் நட்ட நடு ரோட்ல நின்னுடுச்சு. கள்ளிக்குப்பத்துக்குக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. மெக்கானிக் அடியில படுத்துப் பார்த்துட்டு, "இந்தப் பொட்டியைப் பிரிச்சு வேலை பாக்க மெட்ராஸ்ல ஆள் கம்மிமா. தேடிப் பாக்கறேன்"ன்னார். புதுப்பேட்டையில பழைய சாமான் கடைகள்ல கேட்டுப் பார்க்கச் சொல்லிட்டு வந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு மஞ்சள் காமாலை. படுத்த படுக்கை. ஷெட்டுக்குத் தம்பிதான் போய் வந்தான். என்ன ஆச்சுடான்னா, வேலை நடக்குதுக்கான்னு சொல்லுவான். அப்பாவும் ரெண்டு தடவை கூடப் போனார். அப்பாவே அக்கறையாப் போறாரேன்னு எனக்கு மனசு குளுந்து போச்சு. ஆபீஸ்ல லீவு நீட்டிக் கேட்டேன், கார் வந்ததும் வந்துடுவேன்னு சொல்லி அனுப்பினேன்.

ஒரு காலையில ஹாரன் சத்தம் கேட்டுச்சு. கட்டையை ஊனிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். கார் நின்னுச்சு. கழுவி, மெழுகு போட்டுப் பளிச்சுன்னு நின்னுச்சு. ஓட்டிக்கிட்டு வந்தது தம்பி. பக்கத்துல மெக்கானிக், வாயெல்லாம் பல்லு. "சூப்பரா பண்ணிட்டேன்மா. அந்தப் பொட்டியைத் தூக்கிக் கடாசிட்டு நம்மூரு கீர் போட்டுட்டேன். இனிமே இன்னா ஆனாலும் எந்த ஷெட்லயும் ரிப்பேர் பாப்பான். உன் ஊட்ல நைனாதான் சொன்னாரு, தம்பி ஓட்டட்டும்னு"ன்னார்.

ஓட்டுற பக்கக் கதவு திறந்துதான் இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தேன். மூணு பெடல்.

தம்பியை இறங்கச் சொல்லிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தேன். எல்லாரும் சுத்தி நின்னாங்க. ஷூ கம்பியோட முழங்கால் பூட்டை எடுத்துட்டு, இடது காலை ரெண்டு கையாலயும் தூக்கி அந்தப் புதுப் பெடல் மேல வெச்சேன். வெச்ச இடத்துல அப்படியே கிடந்துச்சு. அப்புறம் முழங்கால் மேல ரெண்டு கையையும் ஊனி, பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். க்ளச் உள்ளே போச்சு. நிஜமாவே போச்சு. ஆனா ரெண்டு கையும் முழங்கால் மேல இருந்துச்சு. ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கை இல்ல, கீர் போடக் கை இல்ல. கையை எடுத்தா பெடல் காலைத் தூக்கி எறிஞ்சுது. மறுபடி வெச்சேன். மறுபடி அழுத்தினேன். மெக்கானிக் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பான்னு மட்டும் கேட்டேன். அப்பா ஜன்னல்ல கை வெச்சுக் குனிஞ்சார்.

"உனக்கு என்னம்மா குறை? தம்பி ஓட்டுவான், மகாராணி மாதிரி பின்னாடி உட்கார்ந்து போயேன்."

கிண்டல் இல்ல. மனசாரச் சொன்னார். அவருக்குப் பின்னால நின்ன அம்மாவைப் பார்த்தேன். அந்த முகத்துல அப்படி ஒரு நிம்மதியை நான் பிறந்ததுல இருந்து பார்த்ததில்ல. எத்தனை சாயங்காலம் அந்தக் கேட்டுல உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பாங்க. சண்டை போட வாயைத் திறந்தவ, அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கிட்டேன். அழுதிருந்தாத் திட்டியிருக்கலாம், அதட்டியிருந்தாச் சண்டை போட்டிருக்கலாம். சந்தோஷமா நிக்கிறவங்களை நான் என்ன செய்யறது?

காலைக் கையால தூக்கி வெளியே வெச்சு இறங்கினேன். பின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அம்மாவும் வந்து பக்கத்துல உட்கார்ந்து என் கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. ஒரு ரவுண்டு போய் வரலாம்னு அப்பா முன்னாடி ஏறினார். தம்பி வண்டியை எடுத்தான். குலுங்கவே இல்ல, நல்லாத்தான் ஓட்டினான்.